உமர் முக்தாருக்குக் கிடைத்த ஒரு மணி நேரம்



செப்டெம்பர் மாதம் வந்தால் நம் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தவறாமல் வந்து சேரும். வெள்ளைத் தாடியுடன் ஒரு முதியவர், கைகளில் சங்கிலி, சுற்றிலும் சீருடையில் இத்தாலிய அதிகாரிகள். கீழே "பாலைவனச் சிங்கம் உமர் முக்தார்" என்று எழுதியிருக்கும். சரணடைய மாட்டோம் என்ற வீர வசனமும் கூடவே வரும். "மாஷா அல்லாஹ்" போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

அந்த வசனம் நம் கைக்கு வந்தது ஒரு திரைப்படத்தின் வழியாகத்தான். 1981இல் வெளிவந்த "லயன் ஒஃப் த டெஸர்ட்". அதை முழுமையாகப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பெரும்பாலானோர் பார்த்திருப்பது குதிரைகள் பாயும் சண்டைக் காட்சிகளும் கடைசித் தூக்குமேடைக் காட்சியும் வெட்டி ஒட்டப்பட்ட ஐந்து நிமிடத் துண்டுகள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நீதிமன்றக் காட்சி இருக்கிறது. அதை யாரும் வெட்டிப் பகிர்வதில்லை. அதில் குதிரை இல்லை, துப்பாக்கி இல்லை.

நம் பிள்ளைகள் அந்தப் படத்தில் பார்க்க வேண்டிய முதல் காட்சி அதுதான் என்பது எங்கள் கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். நீளம்தான், பொறுமையோடு வாசியுங்கள்.

முதலில் படத்தைப் பற்றி. இயக்குநர் முஸ்தபா அக்காத், சிரியாவின் ஹலப் நகரில் பிறந்து அமெரிக்காவில் சினிமா படித்தவர். நபி (ஸல்) அவர்களின் வரலாற்றை, அன்னாரின் உருவத்தையோ குரலையோ காட்டாமல் "த மெசேஜ்" என்று 1976இல் படமாக்கியவரும் இவரே. அதில் ஹம்ஸா (ரலி) அவர்களாக நடித்த அன்ரனி குவின்தான் இதில் உமர் முக்தார். எதிரில் நிற்கும் இத்தாலியத் தளபதி கிராஸியானியாக ஒலிவர் ரீட், முசோலினியாக ரொட் ஸ்டைகர். ஏறத்தாழ மூன்று மணி நேரப் படம். செலவு ஏறத்தாழ 35 மில்லியன் டொலர். பணம் கொடுத்தது கடாபியின் லிபிய அரசு. இந்தக் கடைசித் தகவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1911இல் இத்தாலி லிபியாவுக்குள் இறங்கியபோது உமர் முக்தார் ஐம்பதைத் தாண்டியவர் அல்லது அதை நெருங்கியவர். தொழில், பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பது. ஸனூஸிகளின் ஸாவியா ஒன்றின் பொறுப்பாளர். படத்தின் தொடக்கத்திலும் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஓதிக்கொடுக்கும் உஸ்தாதாகத்தான் அவரைக் காண்கிறோம். அந்த உஸ்தாத் இருபது வருடம் போரிட்டார். அவருக்குச் சோறும் ஆளும் கிடைக்காமல் செய்ய, ஜபல் அக்தர் மலைப்பகுதியின் சனங்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரை ஆடு மாடுகளோடு விரட்டி, 1930இலிருந்து பாலைவன முகாம்களில் முட்கம்பிக்குள் அடைத்தார்கள். பல்லாயிரம் பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே வபாத்தானார்கள். எகிப்து எல்லையில் ஏறத்தாழ 270 கிலோமீற்றருக்கு முட்கம்பி வேலி போட்டார்கள். இவை எல்லாம் படத்தில் வருகின்றன.

இப்போது அந்த நீதிமன்றத்துக்கு வருவோம்.

1931 செப்டெம்பர் 11ஆம் திகதி உமர் முக்தார் பிடிபட்டார். காயப்பட்டிருந்தார், வயது எழுபதைத் தொட்டிருந்தது. கடல் வழியாக பெங்காஸிக்குக் கொண்டுவந்தார்கள். 15ஆம் திகதி மாலை விசேட நீதிமன்றம் கூடியது. ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். தீர்ப்பு மரண தண்டனை. மறுநாள் 16ஆம் திகதி காலை, ஸுலூக் முகாமில், கட்டாயமாகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட ஏறத்தாழ இருபதாயிரம் கைதிகளின் கண்முன் தூக்கிலிட்டார்கள். பிடிபட்டதிலிருந்து தூக்கு வரை மொத்தம் ஐந்து நாட்கள்.

தீர்ப்பைக் கேட்டதும் அவர் வாயிலிருந்து வந்தது, மௌத்துச் செய்தி கேட்டால் நம் வீடுகளில் எல்லோரும் சொல்லும் அதே வார்த்தைதான் என்று சொல்லப்படுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று. வழக்கு தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. லிபியாவின் ஆளுநராக இருந்த பதோலியோ, விசாரணை முறையாக நடக்கட்டும், தண்டனை மரணமாகத்தான் இருக்கும், அதை மக்கள் அதிகமாக அடைக்கப்பட்டுள்ள முகாம் ஒன்றில் நிறைவேற்றுங்கள் என்ற பொருளில் கிராஸியானிக்கு முன்கூட்டியே தந்தி அனுப்பியிருந்தார். நீதிபதிகள் வந்து உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டு. அவர் மீதான குற்றச்சாட்டு கிளர்ச்சி. ஓர் அரசுக்குக் கீழ்ப்பட்டவன் அந்த அரசுக்கு எதிராக எழுந்தால்தான் அது கிளர்ச்சி. உமர் முக்தார் எந்த நாளில் இத்தாலிக்குக் கீழ்ப்பட்டார்? 1929இல் பதோலியோவோடு பேச்சுவார்த்தை நடந்தது உண்மை. அதையே "அவர் பணிந்துவிட்டார்" என்று இத்தாலியர்கள் பரப்பினார்கள். அவர் அதை மறுத்தார். பணியாதவர் என்றால் அவர் கிளர்ச்சிக்காரர் அல்லர், எதிரிப் படையின் தளபதி. பிடிபட்ட தளபதி போர்க் கைதி. போர்க் கைதியைப் போரிட்டதற்காகத் தூக்கிலிட முடியாது. முழு வழக்கும் இந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்லை மாற்றினால் தூக்குக்கயிறு இல்லை. அதனால்தான் அந்தச் சொல்லைப் பற்றிப் பேச நேரம் கொடுக்கப்படவில்லை.

மூன்று. அந்த மண்டபத்தில் அவருக்காகப் பேச ஒருவர் இருந்தார். ரொபேர்தோ லொன்தானோ. இத்தாலிய இராணுவத்தின் கப்டன். நீதிமன்றமே நியமித்த சட்டத்தரணி. சம்பிரதாயத்துக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் உண்மையாகவே வாதாடினார், மரண தண்டனை கூடாது என்றார். அதற்காக அவருக்கே பத்து நாள் தடுப்புத் தண்டனை கிடைத்தது. பிரதிவாதிமீது அனுதாபம் காட்டிவிட்டாராம்.

படத்திலும் லொன்தானோ வருகிறார். சில நிமிடங்கள்தான். நம் பதிவுகளில் அவர் பெயரை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இத்தாலியர், முஸ்லிம் அல்லர், எதிரிப் படையின் சீருடை போட்டவர். ஆனால் அந்த மாலையில் பெங்காஸியில், சட்டம் என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்த ஒரே இத்தாலிய அதிகாரி அவர்தான் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

தூக்கிலிட்ட கிராஸியானிக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்ப்போம். இந்த மனிதர் பிறகு எதியோப்பியாவுக்குப் போனார். 1937 பெப்ரவரியில் அடிஸ் அபாபாவில் அவர் ஆட்சியின் கீழ் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். உலகப் போர் முடிந்தபின் அவரும் கூண்டில் ஏறினார். அவருடைய வழக்கு 1948இல் தொடங்கி 1950 வரை நடந்தது. சட்டத்தரணிகள் இருந்தார்கள், சாட்சிகள் இருந்தார்கள், அவரே நீண்ட நேரம் பேச அனுமதி இருந்தது. குற்றச்சாட்டு, ஜேர்மன் நாஸிகளோடு ஒத்துழைத்தது. லிபியா அதில் இல்லை, எதியோப்பியாவும் இல்லை. 19 வருடச் சிறை என்று தீர்ப்பானது. சில மாதங்களிலேயே வெளியே வந்துவிட்டார். 1955இல் மரணமானார். 2012இல் இத்தாலியின் அபிலே என்ற ஊரில் அவருக்கு நினைவுமண்டபமே கட்டினார்கள்.

ஒருவருக்கு ஒரு மணி நேரம். மற்றவருக்கு ஒன்றரை வருடம். படம் 1931ஓடு முடிந்துவிடுவதால் இந்த இரண்டாவது வழக்கு திரையில் வராது. பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இத்தாலி இந்தப் படத்தையே பல வருடம் தன் சனங்களுக்குக் காட்டவில்லை. இராணுவத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்று 1982இல் தடுத்தார்கள். 2009இல் கடாபி ரோமுக்குப் போனபோதுதான் அங்குள்ள கட்டணத் தொலைக்காட்சி ஒன்று ஒளிபரப்பியது. அந்தப் பயணத்தில் கடாபி தன் சீருடையின் நெஞ்சில், நம் வட்ஸ்அப்பில் சுற்றும் அதே சங்கிலிப் படத்தைக் குத்திக்கொண்டுதான் விமானத்திலிருந்து இறங்கினார்.

இது லிபியாவின் கதை, நமக்கென்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாற்றில் இதே மாதிரியான ஒரு வழக்கின் விளைவு இருக்கிறது. ஒராபி பாஷாவைச் சொல்கிறோம். கொழும்பில் அவர் பெயரில் தெரு இருக்கிறது, கண்டியில் அவர் பெயரில் நிலையம் இருக்கிறது. அவர் எப்படி இங்கே வந்தார் என்று தரம் 11 மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். "எகிப்தில் இருந்து நாடு கடத்தினார்கள்" என்பதோடு நிற்கும்.

1882இல் எகிப்தியப் படைக்குத் தலைமை தாங்கி பிரித்தானியருக்கு எதிராக நின்றவர் ஒராபி. செப்டெம்பர் 13ஆம் திகதி தெல் அல்-கபீரில் தோற்றார். கெதீவ் தௌபீக்கின் தரப்புக்கு அவரை உடனே ஒழித்துவிட வேண்டும். அவர் மீதும் அதே குற்றச்சாட்டுத்தான், கிளர்ச்சி. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் நடந்தது. வில்பிரட் பிளண்ட் என்ற ஆங்கிலேயர் லண்டனில் இருந்துகொண்டு, நியாயமான விசாரணை வேண்டும் என்று பத்திரிகைகளில் எழுதினார், அரசியல்வாதிகளை நச்சரித்தார், தன் சொந்தப் பணத்தைப் போட்டு புரோட்லி என்ற சட்டத்தரணியைக் கெய்ரோவுக்கு அனுப்பினார். புரோட்லி ஒராபியைச் சிறையில் சந்தித்தார், ஆவணங்களைச் சேர்த்தார். வழக்கை உண்மையாகவே நடத்தினால் கெதீவுக்கும் பிரித்தானியருக்கும் சங்கடமான விடயங்கள் வெளியே வரும் என்ற நிலையை உண்டாக்கினார். கடைசியில் பேரம் பேசி முடித்தார்கள். டிசம்பர் 3ஆம் திகதி ஒராபி கிளர்ச்சிக் குற்றத்தை ஏற்றார். மரண தண்டனை வாசிக்கப்பட்டு, அங்கேயே நாடுகடத்தலாக மாற்றப்பட்டது.

அதுவும் முழுமையான நீதி என்று நாம் சொல்லவில்லை. பேரம் பேரம்தான். ஆனாலும் அவர் உயிரோடு இருந்தார். 1883 ஜனவரியில் தோழர்களோடு கொழும்பில் வந்திறங்கினார். பதினெட்டு வருடங்களுக்கு மேல் இந்த மண்ணில் வாழ்ந்தார். அறிஞர் சித்திலெப்பை ஆங்கிலக் கல்வி வேண்டும், நவீன பாடசாலை வேண்டும் என்று "முஸ்லிம் நேசன்" பத்திரிகையில் எழுதிக் களைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவருக்கும் வாப்பிச்சி மரைக்காருக்கும் ஒராபி பாஷா பக்கபலமாக நின்றார். 1892இல் மருதானையில் பின்னாளைய ஸாஹிராக் கல்லூரியின் வித்தான மத்ரஸா திறக்கப்பட்டபோது அவரும் இருந்தார்.

கணக்குப் பார்த்தால், ஒராபியின் விடயத்தில் பிடிபட்ட நாளுக்கும் தீர்ப்புக்கும் இடையில் இரண்டரை மாதங்களுக்கு மேல் இருந்தது. அந்த இரண்டரை மாதத்தில் ஒரு சட்டத்தரணியால் சிறைக்குள் போய்வர முடிந்தது. அதன் பலனை நம் சமூகத்தின் பாடசாலைகள் அனுபவித்தன. உமர் முக்தாருக்கு நான்கு நாள், அதில் சட்டத்தரணிக்கு ஒரு மணி நேரம். அவரும் ஓர் ஆசிரியர். தூக்கிலிடாமல் நாடுகடத்தியிருந்தால் அவர் எங்கே எத்தனை பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருப்பார் என்று நம்மால் சொல்ல முடியாது. தூக்குமேடை அந்தக் கேள்வியையே அழித்துவிட்டது.

இனி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விடயத்துக்கு வருகிறோம். இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தவர் கடாபி. நீதியில்லாத ஒரு நீதிமன்றத்தை உலகுக்குக் காட்ட மில்லியன் கணக்கில் செலவழித்தவர். படம் வெளிவந்து மூன்று வருடத்தில், 1984 ஜூன் மாதம், அதுவும் நோன்பு மாதத்தில், அதே பெங்காஸியில் அவருடைய அரசு என்ன செய்தது தெரியுமா? கூடைப்பந்தாட்ட அரங்கு ஒன்றில் கூட்டத்தைச் சேர்த்தது. பாடசாலைப் பிள்ளைகளையும் கொண்டுவந்து உட்கார வைத்தது. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த ஓர் இளம் பொறியியலாளரைத் தரையில் உட்கார வைத்து, அழ அழக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்து, அங்கேயே தூக்கிலிட்டது. தொலைக்காட்சியிலும் காட்டியது. அவருக்கு ஒரு லொன்தானோகூடக் கிடைக்கவில்லை.

2011 ஒக்டோபரில் ஸிர்த் நகரில் கடாபி பிடிபட்டபோது, அவருக்கும் விசாரணை கிடைக்கவில்லை. பிடித்தவர்களின் கையிலேயே செத்தார். அந்தக் காணொளியையும் நம் குழுமங்கள் பகிர்ந்தன, சிலர் அதற்கும் "மாஷா அல்லாஹ்" போட்டார்கள்.

எங்கள் கவலை இங்கேதான் இருக்கிறது. ஒரு வரலாற்றிலிருந்து வீரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நீதியை விட்டுவிட்டால், நாளை நம் கையில் அதிகாரம் வரும்போது நாமும் அதே மேடையைக் கட்டுவோம். கடாபி உமர் முக்தாரை நேசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவருடைய வீரத்தை நேசித்தார். அவருக்கு மறுக்கப்பட்டது என்ன என்பதை மட்டும் படித்துக்கொள்ளவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். "துரோகி" என்று அட்டை தொங்கவிட்டு மின்கம்பத்தில் மனிதர்களைக் கட்டிச் சுட்ட காலத்தை வடக்கு கிழக்கில் நம் மூத்தவர்கள் கண்ணால் கண்டவர்கள். தெற்கில் 88, 89இல் அதே மின்கம்பம், வேறு அட்டை. கொல்லப்பட்டவருக்கு ஒரு வார்த்தை பேச இடம் இருந்ததா? அட்டையில் இருந்த ஒரு சொல்தான் குற்றப்பத்திரிகை, அதுதான் தீர்ப்பும்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு அந்த அட்டை நம் கழுத்துக்கு வந்தது. ஈவிரக்கமில்லாத ஒரு சிறு கூட்டம் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் செய்த கொலைகளுக்கு, எந்தச் சம்பந்தமும் இல்லாத குடும்பங்கள் பதில் சொல்ல வேண்டி வந்தது. தமிழில் கவிதை எழுதிய நம் இளம் ஆசிரியர் ஒருவர் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 டிசம்பரில். அவருடைய கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை என்பதைத் தமிழ் தெரிந்தவர்கள் ஒரு மாலையில் வாசித்துச் சொல்லியிருப்பார்கள். அதை ஒரு மண்டபத்தில் நின்று சொல்ல மூன்றரை வருடம் எடுத்தது. ஆனாலும் கடைசியில் சொல்ல ஒரு மண்டபம் இருந்தது, சொல்ல சட்டத்தரணிகள் இருந்தார்கள், அவர்களில் சிங்களவர்களும் தமிழர்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். லொன்தானோக்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். அவர்களை இனங்கண்டு மதிக்கத் தெரிய வேண்டும்.

அப்படி அட்டை மாட்டப்பட்ட ஒரு சமூகத்துக்குள்ளேயே இப்போது நடப்பதையும் பாருங்கள். ஓர் ஆசிரியர் மீது ஒரு குற்றச்சாட்டு. ஒரு மௌலவி மீது ஒரு குற்றச்சாட்டு. ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு பேச்சு. இஷாவுக்குப் பிறகு ஒருவர் முகநூலில் போடுகிறார். சுபஹுக்கு முன் முந்நூறு பேர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். படம், பெயர், வீட்டு முகவரி எல்லாம் வந்துவிடும். "அவருடைய பக்கத்தையும் கேளுங்கள்" என்று ஒருவர் எழுதினால், "உனக்கு அவன் என்ன சொந்தமா?" என்று அவர் மீது பாய்வார்கள். லொன்தானோவுக்குப் பத்து நாள் தண்டனை கொடுத்த அதே மனநிலைதான் அது. குற்றம் செய்தவர் தப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு நியாயம் கிடைப்பதற்கும் ஒழுங்கான விசாரணைதான் வேண்டும். கூச்சல் அடங்கியதும் முதலில் மறக்கப்படுவது அந்தப் பிள்ளைதான்.

அலி (ரலி) அவர்களை யமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரை நமக்குத் தெரியும். இரண்டு தரப்பு வந்து நின்றால், ஒருவரைக் கேட்டது போல் மற்றவரையும் கேட்கும் வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்பது அதன் கருத்து. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்று சூரா அல்-மாஇதா எச்சரிக்கிறது. இவை குத்பாவில் கேட்டுக் கேட்டுப் பழகியவை. முகநூலைத் திறந்ததும் மறந்துவிடுபவையும் இவைதான்.

படத்தில் இன்னொரு காட்சி இருக்கிறது. பிடிபட்ட இளம் இத்தாலிய அதிகாரியைக் கொல்ல வேண்டும் என்று முஜாஹித்கள் நிற்கிறார்கள். நம்மவர்களை அவர்கள் கொல்கிறார்களே என்பது அவர்களின் நியாயம். உமர் முக்தார் தடுக்கிறார். எதிரி நமக்கு ஆசிரியர் அல்லர் என்பது அவருடைய பதிலின் சாரம். இருபது வருடம் போர்க்களத்தில் இருந்த பிறகும் அவர் உஸ்தாதாகவே இருக்கிறார் என்பதற்கு இந்தக் காட்சி போதும்.

சரி, என்ன செய்யலாம்? எங்கள் யோசனை சிறியது. தரம் 10, 11 மாணவர்களுக்கு, பெற்றோரின் சம்மதத்தோடு, இந்தப் படத்தை இரண்டு பகுதியாகக் காட்டுவோம். முகாம் காட்சிகளும் தூக்குமேடையும் கடுமையானவை, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். நீதிமன்றக் காட்சி வந்ததும் நிறுத்துவோம். அரை மணி நேரம் கொடுத்து, "நீங்கள்தான் லொன்தானோ. உங்கள் வாதத்தை எழுதுங்கள்" என்போம். வகுப்பில் இன்னொரு பாதி, வழக்குத் தொடுநரின் பக்கத்தை எழுதட்டும். அவர் பணிந்துவிட்டுப் பின் மீறினார் என்ற இத்தாலியத் தரப்பின் வாதத்தையும் ஒழுங்காக எடுத்துவைக்கட்டும். எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் அதற்குப் பதிலும் சொல்லும். அதன் பிறகு மிச்சப் படத்தைப் பார்ப்போம்.

சில ஆட்சேபங்கள் வரும் என்று தெரியும். பாடசாலையில் சினிமா எதற்கு, இசை இருக்கிறதே என்று சில பெற்றோர் கேட்பார்கள். அவர்களின் பேணுதலை நாம் மதிக்கிறோம், வேண்டாம் என்பவர்களின் பிள்ளைகளுக்கு அதே பாடத்தை வாசிப்பாகக் கொடுக்கலாம். ஆனால் அதே பிள்ளையின் கைத்தொலைபேசியில் அந்தத் தூக்குமேடைத் துண்டு ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். விளக்கம் இல்லாத ஐந்து நிமிடத்தை விட, பக்கத்தில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து விளக்கும் மூன்று மணி நேரம் பாதுகாப்பானது.

ஷஹீத் ஒருவரின் தியாகத்தைச் சட்ட வாதமாகச் சுருக்குகிறீர்கள் என்றும் சொல்வார்கள். சுருக்கவில்லை. அவர் அந்தக் கூண்டில் நின்று போரிட்டதை ஒப்புக்கொண்டார், தலைமை தாங்கியதை ஒப்புக்கொண்டார், பணிந்தேன் என்ற பொய்யை மட்டும் ஏற்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த வீரம் முழுவதும் நடந்தது ஆயுதமில்லாத கைகளோடு, ஒரு நீதிமன்றத்துக்குள். அதைப் புரிந்துகொள்ள, நீதிமன்றம் என்றால் என்ன, அது எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இயக்குநர் முஸ்தபா அக்காத் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். 2005 நவம்பரில் ஜோர்தானின் அம்மான் நகர ஹோட்டல்களில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. மகள் ரீமாவைச் சந்திக்க வந்திருந்த அக்காத் அதில் படுகாயமடைந்து இரண்டு நாளில் வபாத்தானார். மகளும் அதே குண்டுக்குப் பலியானார். நபியின் வரலாற்றையும் உமர் முக்தாரின் வரலாற்றையும் உலகுக்குச் சொன்ன மனிதரை, இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் கொன்றார்கள். ஹோட்டல் மண்டபத்தில் இருப்பவர் யார், அவர் என்ன செய்தார் என்று கேட்க அவர்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. 2019இல் கொழும்பில் ஹோட்டல்களுக்குள் நுழைந்தவர்களுக்கும் தேவைப்படவில்லை.

வரும் செப்டெம்பர் 16ஆம் திகதி அந்தச் சங்கிலிப் படம் மறுபடி வரும். பகிருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே லொன்தானோவின் பெயரையும் ஒரு வரி எழுதுங்கள். அதற்கு அடுத்த நாள் யாரையாவது பற்றி ஒரு குற்றச்சாட்டு குழுமத்துக்கு வந்தால், பகிர்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மனிதரின் பக்கத்தை யாராவது கேட்டார்களா?

படம் காட்டும் யோசனை பற்றி உங்கள் கருத்துகளை, ஆட்சேபங்களையும் சேர்த்து, கீழே எழுதுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முன்வைக்க உதவியாக இருக்கும்.

அநியாயமாகத் தீர்ப்பளிக்கப்பட்ட அனைவருக்கும் அல்லாஹ் அருள் புரிவானாக. அநியாயமாகத் தீர்ப்பளிப்பதிலிருந்து நம் கைகளையும் நாவுகளையும் காப்பானாக. ஆமீன்.